சரிவில் கேட்ட குரல்

"பின்னாலேருந்து யாராவது கூப்பிட்டா திரும்பிப் பாக்காதீங்க, சார். பதிலும் சொல்லாதீங்க."

மலைப்பாதையில் கால் வைக்கும்போதே ருக்குமணி இப்படிச் சொன்னதும் நாகநாதனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். ஆறு, அருவி, கடற்கரை என்று தங்கள் பக்கத்து இடங்களைத் தாங்களே பராமரிக்க முன்வரும் மக்களுக்கு மானியம் தரும் குழு ஒன்றில் அவர் இருந்தார். இடத்தை நேரில் பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. கார் ஓட்டி வந்த சிக்கந்தரை அடிவாரத்துக் கோப்பிக் கடையில் உட்காரச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ருக்குமணி பாயான் லெப்பாஸ் ஊரில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்ப்பவள். மேலே இருக்கும் அருவிக்குப் பாதை போடவும், சரிவில் கைப்பிடிக் கம்பி கட்டவும் கம்பத்து ஊர்மக்கள் சார்பில் மனு போட்டவள் அவள்தான். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாகக் குளிக்கப் போவார்களாம். சரிவு வளையும் இடத்தில் ஒருவர் விழுந்து இறந்த பிறகு அங்கே குரல் கேட்கிறது என்ற பேச்சு கிளம்பி, ஆள் நடமாட்டமே நின்றுபோனது.

"யாரும் போகாத இடத்துக்கு எதுக்கு மானியம்னு என்னைக் கேப்பாங்க லா," என்றார் நாகநாதன்.

"கம்பி இருந்தா ஆளுங்க வருவாங்க, சார். நாலு பேரு நடந்தா பயம் போயிடும்."

பயம் அவளுக்கும் இருந்தது. லீவு நாட்களில் தனியாகவே ஏறிவந்து, பாதையில் விழுந்த கிளைகளை இழுத்துப் போடுவாளாம். அப்போது தனக்கும் குரல் கேட்டிருப்பதாகச் சொன்னாள்.

வளைவைத் தாண்டியதும் அதுவரை இரைந்துகொண்டிருந்த சில்வண்டுகள் சட்டென்று ஓய்ந்தன. காலை வெயில்கூட அங்கே இறங்கவில்லை.

"சார்…"

மண்ணுக்கு அடியிலிருந்து வருவதுபோல மெலிந்த குரல். நாகநாதன் நின்றுவிட்டார். ருக்குமணி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நாகநாதன் சார்…"

பெயர் தெரிந்திருக்கிறது. அவர் படித்ததெல்லாம் மறந்துபோக, முன்னால் இருந்த மரத்தை மட்டும் பார்த்தபடி நடந்தார். குரல் இன்னொரு முறை உயர்ந்து, அப்படியே அறுந்துபோனது.

மேலே அருவி கண்ணாடிபோல விழுந்துகொண்டிருந்தது. மார்பளவுத் தண்ணீரில் கூழாங்கற்கள் தெரிந்தன. இப்படி ஓர் இடத்தை ஊரே கைவிட்டிருக்கிறதே என்று அவருக்கு மனசு கனத்தது. குழுவிடம் தான் பேசுவதாக அங்கேயே ருக்குமணிக்கு வாக்குக் கொடுத்தார்.

இறங்கும்போது வளைவில் ஒரு சத்தமும் இல்லை. ஓரத்து மண் மட்டும் புதிதாகச் சரிந்திருந்தது. இருவரும் வேகமாகக் கடந்தார்கள்.

கோப்பிக் கடையில் சிக்கந்தர் உடம்பெல்லாம் சேறாக உட்கார்ந்திருந்தார். முழங்கை தோல் உரிந்து, துணியால் கட்டியிருந்தது.

"கேமராவை மறந்துட்டுப் போயிட்டீங்கன்னு எடுத்துக்கிட்டு வந்தேன், சார். அந்த வளைவுல மண்ணு சரிஞ்சிடுச்சி. வேரைப் பிடிச்சிக்கிட்டுத் தொங்குனேன். கூப்பிட்டேன். நீங்க நின்னீங்க, ஆனா திரும்பல."

நாகநாதனுக்கு ஒரு மனிதனைச் சாகவிட்டு நடந்திருக்கிறோம் என்பது உறைத்தது. பிறகுதான், எப்படி மேலே வந்தாய் என்று கேட்டார்.

"உங்களோட வந்தாரே, அவருதான் தூக்கிவிட்டாரு."

"நாங்க ரெண்டு பேருதானே போனோம்."

"உங்களுக்குப் பின்னாலயே நடந்து வந்தாரே, சார். வலது கையில ரெண்டு விரல் இல்ல. மிச்ச விரல்லயே என்னை இழுத்துப் போட்டாரு. பேரைக் கேட்டேன், சிரிச்சிட்டு மேல போயிட்டாரு."

ருக்குமணி மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள். மலையைப் பார்த்தாள்.

"துறைமுகத்துல கப்பல் சாமான் இறக்கறப்ப போன விரலு, சார்," என்றாள். "என் வீட்டுக்காரரு அங்க விழுந்து ஆறு வருசமாச்சு. எத்தனையோ தடவ கூப்பிட்டாரு, நான்தான் ஒரு தடவகூட என்னன்னு கேக்கல."