சுமலதா அம்மா ஜெயிச்சே ஆகணும்!

“ராஜப்பா, உனக்கு மூளை கீளை கலங்கிடுச்சா? போயும் போயும் அந்தம்மாவுக்கா ஓட்டு கேக்கற?”

பாகலூர் கடைவீதியில், ஆட்டோவில் மைக் பிடித்து வந்த பரோட்டாக் கடை ராஜப்பனை மறித்தார் முனிவேல். வாட்டர் கேன் கம்பெனிக்காரர். எதிரணியின் பிரசாரப் பீரங்கி.

“ஆமாப்பா. சுமலதா அம்மா எம்.எல்.ஏ. ஆகணும். ஆயிட்டா திருப்பதிக்கு நடந்தே போய் மொட்டை போடறேன்னு வேண்டியிருக்கேன்.”

ராஜப்பன் தலையில் மிச்சமிருந்ததே நாலைந்து முடி. அதையும் பணயம் வைத்துவிட்டார்! அவர் கத்தின கத்தலில், கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலேகூடச் சிலர் சுமலதாவுக்கு ஓட்டுப் போடக் கிளம்பிவிட்டதாகக் கேள்வி.

“சுகாதார அதிகாரியா இருந்தப்ப உன் கடை எண்ணெயைச் சாக்கடையில கொட்டினாங்களே, மறந்துட்டியா?”

“மறப்பேனா? எலியெல்லாம் வழுக்கி விழுந்துச்சே!”

“ரிட்டயர் ஆனதும் ஒன்றியக் கவுன்சிலருக்கு நின்னாங்க. அப்பவும் நீதான் தொண்டை கிழியக் கத்தின. ஜெயிச்சு என்ன செஞ்சாங்க? தினம் விடிஞ்சா உன் சால்னா அண்டாவைத் திறந்து மோந்து பாக்கறாங்க.”

“உன் கேனுக்குள்ள டார்ச் அடிக்கறதை விட்டுட்டியே?”

முனிவேல் முகம் சுருங்கியது. “நேத்துகூட வந்தாங்கப்பா. துளியூண்டு பாசி. ஒரு லோடு தண்ணியையும் கொட்ட வெச்சுட்டாங்க.” உடனே சுதாரித்துக்கொண்டார். “அதை விடு. எங்க அண்ணன் ஜெயிச்சா ஓசூர் பஸ் ஸ்டாண்டுலயே உனக்குக் கடை புடிச்சுத் தராராம். பேசாம இந்தப் பக்கம் வந்துடு.”

“ஐயய்யோ! இந்தம்மா தோத்துட்டா எங்க பொழப்பு என்னாகறது?” ராஜப்பனுக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

“அந்தம்மா மேல அப்படியென்னய்யா பாசம் உனக்கு?”

ராஜப்பன் மைக்கை அணைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். முனிவேலின் காதருகே குனிந்தார்.

“பதவி வந்தா கடைப்பக்கம் வர நேரமிருக்காதுன்னு நெனச்சு கவுன்சிலர் ஆக்கினதுதான் நான் பண்ண தப்பு. ஊருக்குள்ளயே சுத்தறாங்க. எம்.எல்.ஏ. ஆக்கிட்டா நிம்மதி. ஜெயிச்சுப் போன எந்த எம்.எல்.ஏ.வாவது அடுத்த எலெக்‌ஷன் வரைக்கும் நம்மூர்ப் பக்கம் வந்து நீ பாத்திருக்கியா?”

முனிவேல் தன் கட்சித் துண்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

“இன்னொரு மைக் இருக்காய்யா?”