இரண்டு கையும்

சுவரேறும் போட்டியில், சுவரின் உச்சிப் பிடியை இரண்டு கையாலும் பிடித்து, நடுவர் கையைத் தூக்கும்வரை தொங்க வேண்டும். அப்போதுதான் ஏறியதாகச் சேர்த்தி. நான் பிடித்துவிட்டேன். அணியில் மிச்சமிருக்கிற ஒரே இடம் எனக்கு. இல்லையென்றால் சங்கச் செயலாளரின் மகளுக்கு. நடுவர் என்னைப் பார்க்காமல் செயலாளரையே பார்க்கிறார். செயலாளர் மெத்தை ஓரத்தில் நின்று, "போதும்மா அருள்செல்வி, கை போயிடும், குதி" என்கிறார். இத்தனை வருஷத்தில் என் கையைப் பற்றி அவர் கேட்டதே இல்லை. "நடுவர் கையத் தூக்கட்டும் சார், குதிக்கிறேன்." "டைம் முடிஞ்சிருச்சும்மா." "அதுக்கு முன்னாடியே பிடிச்சிட்டேன். எல்லாரும் பாத்தாங்க." நடுவிரலில் தோல் கிழிந்து ரத்தத்தில் பிடி வழுக்குகிறது. ஒரு கையை எடுத்து இடுப்புப் பையிலிருக்கும், வழுக்காமலிருக்கப் பூசும் பொடியைத் தொட்டால் போதும். எடுத்தால், பிடிக்கவே இல்லை என்று எழுதிவிடுவார்கள். எடுக்கவில்லை. நடுவரின் கை தொடைமேல் கிடக்கிறது, விரல்கள் மட்டும் அசைகின்றன.