பேசிக்கொண்டே ஓடும் வேகம்

கல்லில் கால் இடறியது.

"ஐயோ அம்மா" என்று வாய் சொல்லிவிட்டது.

விழவில்லை. விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல். "அட! தமிழா நீங்க?"

லிஸ்பன் ஆற்றங்கரை. மாலை வெயில். குழுவாகச் சேர்ந்து ஓடுகிறவர்கள் முன்னும் பின்னும் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள்.

ஆபீஸ் வேலையாக எந்த நாட்டுக்குப் போனாலும் அவள் பெட்டியில் முதலில் ஷூவைத்தான் வைப்பாள். போய் இறங்கியதும் அந்த ஊரில் ஓட்டக் குழு எங்கே இருக்கிறது என்று போனில் தேடிச் சேர்ந்துகொள்வாள். பெயரைச் சொன்னால் போதும். அதற்குமேல் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்.

என்ன வேகத்தில் ஓடுவாய்?

அந்த ஒரு கேள்விக்காகவே அவள் ஊர் ஊராக ஓடினாள்.

குரலுக்குரிய ஆள் பக்கத்தில் வந்துவிட்டான். கிளம்பும்போது பார்த்த முகம்தான். குழுவை நடத்தும் ருயி தன் தண்ணீர் பாட்டிலைச் சுற்றுக்கு விட்டபோது, இவனும் வாய்வைத்துக் குடித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தான். யாரோ வடக்கத்திக்காரன் என்று நினைத்திருந்தாள். ஏமாந்துபோனாள்.

"நான் ஜெயவேல். இங்க வந்து வருஷக்கணக்காச்சு. நீங்க எந்த ஊரும்மா?"

"சென்னை."

"இப்ப எல்லாரும் சென்னைதான். பூர்வீகம்?"

ஆரம்பித்துவிட்டான்.

பேசாமல் இருந்திருக்கலாம். பாழாய்ப்போன வாய் சொல்லித் தொலைத்தது.

"செஞ்சி பக்கம்."

"பக்கம்னா?"

"மேல்வாலூர்."

"மேல்வாலூரா! எங்க சித்திய அங்கதான் குடுத்திருக்கு. உலகம் எவ்ளோ சின்னது பாருங்க."

சின்னதுதான். சனியன், இவ்வளவு சின்னதாகவா இருக்க வேண்டும்?

"மேல்வாலூர்ல எங்க? ரோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல.

ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஊர். அந்தப் பக்கம் காலனி. அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறான்.

பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் கேட்டார்கள். போன வருடம் வேறொரு நாட்டில், இதேபோல ஒரு குழுவில், ஒரு தமிழ்க்காரி கேட்டாள். பதில் சொல்லாமல் நழுவி வந்தவள்தான், அந்தக் குழுவின் பக்கமே பிறகு போகவில்லை. இப்போது இவன். ஏழு கடல் தாண்டி வந்தும், ஓடிக்கொண்டே கேட்கிறான். என்ன கொழுப்பு!

ருயியின் குழுவுக்கு ஒரு விதி உண்டு. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில்தான் ஓட வேண்டும். பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

அவள் வேகத்தைக் கூட்டினாள்.

"இல்ல... சித்தி வீடு... பிள்ளையார் கோயில்கிட்ட..."

கூட்டினாள்.

"உங்க... அப்பா... பேரு..."

கேளுடா. இப்போது கேள்.

கேள்வி நின்றது. ஆள் நிற்கவில்லை. பதில் வாங்காமல் விடமாட்டான் போலிருந்தது. நாக்குத் தள்ளப் பின்னாலேயே வந்தான்.

ஓட்டம் ஆற்றோரச் சுவரில் முடிந்தது. பையெல்லாம் அங்கேதான் வைத்திருந்தார்கள். அவள்தான் முதலில் வந்தாள். அடுத்து அவன். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி வரும்.

மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

"தண்ணி" என்றான் தமிழில். அப்புறம் ருயியைப் பார்த்து, ஆங்கிலத்தில்.

ருயி தன் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினான். காலி.

பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அப்படியே நடந்திருக்கலாம். புதன்கிழமை வேறு குழு. அதுவும் இல்லையென்றால் ஹோட்டல் அறை.

ச்சீ. எத்தனை ஊரை விட்டு ஓடுவது?

தன் பாட்டிலை எடுத்துத் திறந்தாள். அவன் பார்க்கும்படி வாய்வைத்து, நிதானமாகக் குடித்தாள். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. நீட்டினாள்.

அவன் கை ஆவலாக வந்தது.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம்" என்றாள். "காலனி. இந்தாங்க, குடிங்க."

கை பாதியில் நின்றது.

"வேணாம்மா" என்றான். "தாகம் இல்ல."

என்ன சொல்கிறான் என்று ருயி கேட்டான். எல்லோருக்கும் கேட்கும்படி அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

தாகம் இல்லையாம்.

அவன் இரைக்கிற இரைப்பைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். ருயி அவன் முதுகில் தட்டினான். குடி, வெட்கப்படாதே என்றான். அவனும் சிரித்து வைத்தான்.

அவள் சிரிக்கவில்லை. பாட்டிலை மூடாமல் அவன் முன்னால் சுவர்மேல் வைத்தாள். பையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

அவன் தண்ணீரைப் பார்த்தான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

எச்சில் விழுங்கினான்.

தன்னுடையதை.