தலை ஒட்டாத கடிதம்

"அப்போ காயிதத்தைப் பிரியும்! நாலு பேரு நிக்காங்கல்லா, அவங்க முன்னாலயே பிரியும்!"

உலகம்மையின் குரல் தெருக்கோடி வரை கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் கத்தினாள்.

எதிரே அவன், கையில் உறையோடு. வாசலில் தபால்காரர் மாசிலாமணி. யாரிடம் காசு கேட்பது என்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தபால் தலை ஒட்டாத கடிதம். வாங்குகிறவர் இரட்டைக் கூலியாக ஒரு அணா கொடுத்தால்தான் பிரிக்கலாம். வேண்டாம் என்றால் வந்த வழியே திரும்பிப் போகும்.

அவன் எப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்லுவான்.

வைத்திலிங்கம் என்று பேர். சீர்காழிப் பக்கத்து ஆள். சென்னப்பட்டணத்து வாரப் பத்திரிகை ஒன்றுக்கு ஊர் ஊராகப் போய்ச் சந்தா சேர்க்கிற ஏஜெண்டு. திருநெல்வேலிக்கு வந்தால் பிரமநாயகம் பிள்ளை வீட்டு முன்னறையில் தங்குவான். உலக நடப்புத் தெரிய வேண்டும் என்று பிள்ளை சந்தா கட்டினார். அவர் மனைவி உலகம்மைக்குத் தெரு நடப்பே போதுமாக இருந்தது.

அந்த விலாசத்துக்கு அவன் பேரில் கடிதங்கள் வரும். பத்திரிகை நனைந்து வந்தது என்று ஒரு மிராசுதார். வரவே இல்லை என்று தென்காசி வக்கீல். சந்தாவை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாயா என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். எல்லாவற்றையும் அவனே உரக்க வாசித்துச் சிரிப்பான்.

வாங்கிய வசவையெல்லாம் ஊருக்கு வாசிக்கிற மனுஷன், தலை ஒட்டாத கடிதம் வந்தால் மட்டும் உறையை ஒரு திருப்புத் திருப்பிப் பார்த்துவிட்டு மாசிலாமணியிடமே நீட்டிவிடுவான்.

பார்க்கும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்புத்தான் உலகம்மைக்குச் செரிக்கவில்லை. தன் மகள் சங்கரவடிவை அவனுக்குத் தருவதாகப் பிள்ளை வாக்குக் கொடுத்திருந்தார். தை பிறந்தால் கல்யாணம்.

ஊர் ஊராகத் திரிகிறவன். எந்த ஊரில் எவள் இருக்கிறாளோ.

வைத்திலிங்கம் மடியிலிருந்து ஓரணாவை எடுத்துக் கொடுத்தான். உறையைக் கிழித்தான். தாளை விரித்து அவளிடமே நீட்டினான்.

உலகம்மைக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அதை வாசித்துவிட்டாள்.

வெறுந்தாள்.

"ஒண்ணுமே எழுதலியே, மதினி!" என்றாள் பக்கத்து வீட்டுக் கோமு. கேட்டுவிட்டுப் போக வந்தவளுக்கு ஏமாற்றம்.

ஏதாவது எழுதியிருந்தால்கூட ஒரு சந்தேகத்தோடு போயிருக்கும். எழுதாததில் எத்தனையோ இருந்தன.

"அம்மா அனுப்புறதுங்க" என்றான் அவன். "அவங்களுக்கு எழுதத் தெரியாது. விலாசத்தை மட்டும் யாரையாவது எழுதச் சொல்லி, மூலையில மஞ்சளைத் தொட்டு விரல் வச்சு அனுப்புவாங்க. சுகமா இருக்காங்கன்னு அர்த்தம். அது மேலேயே தெரியுதே, அப்புறம் எதுக்கு அணா?"

உறையின் மூலையில் மஞ்சள் ரேகை இருந்தது. கோமு எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். மாசிலாமணிகூட "அட!" என்றார், நஷ்டம் தன் இலாகாவுக்கு என்பதை மறந்து.

உலகம்மை அவசரப்படவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஒங்க அய்யா தவறிட்டாருன்னு சொன்னீரே?"

"ஆமாங்க. தாது வருஷப் பஞ்சத்துல."

"அப்போ தாலியறுத்தவ விரல்ல மஞ்ச எங்கிருந்து வந்துது, மாப்பிள்ளே?"

தெருவே அவன் முகத்தைப் பார்த்தது. உலகம்மைக்கு அந்த நிமிஷம் சர்க்கரையாக இருந்தது.

"கொழம்புக்கு அரைக்கிற மஞ்சள்தாங்க" என்றான்.

யாரும் நம்பவில்லை. நம்பிவிட்டால் சாயங்காலம் பேச என்ன இருக்கிறது?

கதவுக்குப் பின்னால் சங்கரவடிவு நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

அன்று மத்தியானமே வைத்திலிங்கம் பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனான். இலையில் சோறு அப்படியே இருந்தது.

அடுத்த சந்தாவுக்கு வேறொருவன் வந்தான். வைத்திலிங்கத்துக்கு மாயூரத்தில் கல்யாணம் ஆகிவிட்டதாம்.

"ரெண்டாந்தாரமாத்தான?" என்று கேட்டாள் உலகம்மை.

"மொத தாரம்தாங்க. அவரு அம்மா ஒத்தையா நின்னு நடத்தி வச்சாங்க. நானே போயிருந்தேன்."

உலகம்மை அவனுக்கு மோர் கொடுக்க மறந்துவிட்டாள்.

சங்கரவடிவைத் திருச்சினாப்பள்ளி நவதானிய மண்டிக்காரர் ஒருவருக்குக் கொடுத்தார்கள். நல்ல இடம். விசாரித்துக் கொடுத்த இடம். அங்கிருந்து ஒரு வரி வந்ததில்லை. போகும்போது அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டாள்; முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு பிரமநாயகம் பிள்ளை தவறினார். பத்திரிகை நின்றது. அப்பா காரியத்துக்கு வந்த மகள், பதினாறு முடிந்ததும் வண்டியேறிவிட்டாள்.

ஆடியில் ஒருநாள் உலகம்மை மாசிலாமணியை உள்ளே கூப்பிட்டாள். ஓர் உறையைக் கொடுத்து மகள் விலாசத்தை எழுதச் சொன்னாள்.

எழுதிவிட்டு அவர் தாளை எடுத்தார். "உள்ள என்ன எழுத, ஆச்சி?"

"உள்ள ஒண்ணும் வேண்டாம். வெறுந்தாளை வச்சு ஒட்டும்."

தபால் தலைக்காக அவர் பையைத் துழாவினார். அதுவும் வேண்டாம் என்று கையமர்த்தினாள்.

உறையை வாங்கிக்கொண்டு எழுந்தாள். கோமு வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். வெள்ளைச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி அடுக்களைக்குள் போனாள்.

அம்மியில், மத்தியானக் குழம்புக்கு அரைத்த மஞ்சள் இன்னும் காயவில்லை.