கரடி டாக்டர் சொன்ன கால்

காலை ஒன்பதரை மணிக்கு, கரடி டாக்டர் குரலில் பதிந்து அனுப்பிய ஆறு குறிப்புகளைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தது செவ்வாலி என்ற அணில். கடைசிக் குறிப்பு ஓர் ஆட்டைப் பற்றியது. எலும்புக்குள் கட்டி, பத்து மணிக்கு ஒரு பின்னங்காலை வெட்டி எடுத்தாக வேண்டும். முதலில் வலது பின்னங்கால் என்ற கரடி, முடிவில் இடது என்றிருந்தது.

"இதுக்கா முழிக்கிறே? முதல்ல சொன்னதையே ரெண்டு இடத்திலயும் போட்டு அனுப்புடி!" என்றது பக்கத்து இருக்கை மைனா. "கரடிகிட்டப் போய்க் கேட்டே, உன் சீட்டு கிழிஞ்சிடும்."

செவ்வாலி அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு அறுவை அறைக்குப் பறந்தது. ஆடு மயக்கத்தில் கிடந்தது. வெட்ட வேண்டிய கால் என்ற அடையாளமாக அதன் வலது பின்னங்காலில் துணி கட்டியாகிவிட்டது. கரடி கையில் கத்தி!

"டாக்டர், நில்லுங்க! ரெண்டு காலையும் சொல்லியிருக்கீங்க. எது?"

"என்கிட்டயே தப்புக் கண்டுபிடிக்கிறியா?"

உறுமிக்கொண்டே கரடி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தது. உறுமல் நின்றது. வலது காலில் இருந்த துணியை அவிழ்த்து இடது காலில் கட்டியது.

சில நாள் கழித்து, மார்ச் மூன்றாம் தேதி, ஆடு மீதி மூன்று காலால் நடந்து வீட்டுக்குப் போனது.