ரனீமின் காய்ச்சல்

"டாக்டர் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன். நீ வாயைத் திறக்காதே."

மகளின் முக்காட்டைச் சரிசெய்தபடியே சொன்னாள் சமீஹா.

ரனீமுக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதிலிருந்து காய்ச்சல் விட்டு விட்டு அடிக்கிறது. மைரமியா மூலிகை இலை போட்ட டீக்கும் அடங்கவில்லை, மருந்துக்கடை மாத்திரைக்கும் அடங்கவில்லை.

"இதயத்தைப் பத்திச் சொல்லணும்மா."

"சொல்லேன், தாராளமா சொல்லு. வாசல்ல காரோட உன் மாமியார் நிக்கறாங்க, அவங்க காதுலயும் போட்டுடு. அடுத்த மாசம் கல்யாணம், ஞாபகம் இருக்கட்டும்."

விஷயம் இதுதான். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறுகிற வால்வுக்கு மூன்று இதழ் இருக்க வேண்டும். ரனீமுக்குப் பிறவியிலேயே இரண்டுதான். சின்ன வயதில் பார்த்த டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"ஓடலாம், விளையாடலாம், கல்யாணம் பண்ணிக்கலாம். ஆனா காய்ச்சல் நீடிச்சா அசட்டையா இருக்காதீங்க. கிருமி அந்த வால்வுல போய் உட்கார்ந்துக்கும். எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல இதைச் சொல்லுங்க."

சமீஹா எப்படிச் சொல்வாள்? ஜோர்டானில், இந்த இர்பித் ஊரில் ஒரு பெண்ணுக்கு இதயத்தில் கோளாறு என்று பேச்சுக் கிளம்பிவிட்டால், அப்புறம் எவன் வந்து கதவைத் தட்டுவான்? பெற்றவள் கவலை பெற்றவளுக்கு.

மாப்பிள்ளையின் அம்மா இன்திஸார் லேசில் விடுகிற ஆளாக இல்லை. "நாங்களே டாக்சியில போய்க்கறோம்" என்றாலும் கேட்கவில்லை. கிளினிக்கில் இறக்கிவிட்டதோடு நிற்காமல், டாக்டர் அறைக்குள்ளும் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இப்படி வேவு பார்க்கிற சம்பந்தி யாருக்கும் வாய்க்கக் கூடாது.

"பிறவியிலேர்ந்து ஏதாவது கோளாறு உண்டா? இதயம், நுரையீரல்?" என்றார் டாக்டர்.

இன்திஸார் சமீஹாவின் முகத்தையே பார்த்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது டாக்டர்."

ரனீம் நிமிர்ந்தாள். அம்மாவின் கை அவள் தொடையை அழுத்தியது. தலையைக் குனிந்துகொண்டாள்.

ஏதோ சொல்ல வாயெடுத்த இன்திஸார், "எனக்கு ஒரு போன் பண்ணணும். நீங்க நிதானமா பேசிட்டு வாங்க" என்று எழுந்து போனாள்.

கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டுதான் நிற்பாள் என்று சமீஹாவுக்குத் தோன்றியது. வாயே திறக்கவில்லை.

சாதாரணக் காய்ச்சலுக்குத் தருகிற மாத்திரையையே டாக்டர் எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் தணிந்தது. பிறகு முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. மருதாணி வைக்க வேண்டிய வாரத்தில், மூச்சு வாங்கிக் கூடத்திலேயே சுருண்டு விழுந்தாள் ரனீம்.

பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை டாக்டர் மறைக்கவில்லை.

"கிருமி வால்வை அரிச்சுடுச்சு. உடனே நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணியாகணும். ஆரம்பத்துலேயே தெரிஞ்சிருந்தா ரத்தத்தைச் சோதிச்சு, ஊசி மருந்துலேயே குணப்படுத்தியிருக்கலாம். இப்ப பிழைப்பாளான்னு என்னால சொல்ல முடியலைம்மா."

சமீஹா அப்படியே தரையில் சரிந்தாள். எதிரே இன்திஸார் வருவதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்ப திருப்தியா? என் பொண்ணுகிட்ட குறை கண்டுபிடிக்கத்தானே வால் மாதிரி கூடவே வந்தீங்க? உங்களை வெச்சுக்கிட்டு நான் எப்படிச் சொல்ல முடியும்? போங்க, உங்க பையனுக்கு வேற இடம் பாருங்க."

இன்திஸார் போகவில்லை. பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். கண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது.

"நிச்சயத்துக்கு முன்னாடியே ரனீம் எங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா, சமீஹா. அம்மா கூனிக்குறுகிப் போவாங்க, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டா. நீங்க சொல்ல மறந்தா நானாவது டாக்டர்கிட்ட சொல்லணும்னுதான் கூடவே வந்தேன்."

"அப்ப ஏன் சொல்லலை? ஏன் எழுந்து போனீங்க?"

"என் எதிர்ல சொல்லக் கூச்சப்படறீங்க, தனியா சொல்லட்டும்னு போனேன். சொல்லாம விடுவீங்களா, பெத்தவளாச்சேன்னு நம்பிட்டேன்."