ராணியின் குரல்

மரப்பொந்துத் தேன்கூட்டின் வாசலில் செம்பி என்ற தேனீ காவல் நின்றது. மேகம் கவிந்த ஒரு பிற்பகலில் வெளியிலிருந்து ராணியின் குரல் கேட்டது.

"அவசரம். மோந்து பார்த்துக்கொண்டு நிற்காதே, வழி விடு."

ராணியே சொல்லும்போது மறுக்க முடியுமா? செம்பி ஒதுங்கியது. ரோமம் அடர்ந்த, கனத்த ஏதோ ஒன்று அதை உரசிக்கொண்டு உள்ளே போனது. அடுத்த கணம் கூட்டின் அடியிலிருந்து ராணி பாடும் சத்தம் வந்தது. ராணி வெளியே போகவே இல்லை.

போன மாதம் தப்பை ஒப்புக்கொண்ட ஒரு காவல் தேனீயின் சிறகைப் பிய்த்து வெளியே தள்ளியிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் குஞ்சுகள் உறங்கும் அறைகளின் பக்கம் எதுவோ ஊர்ந்துகொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் செம்பி தலைமைக் காவல் தேனீயான மாதங்கியிடம் ஓடியது.

"அக்கா, ஏமாந்துட்டேன். ராணி குரல்ல பேசுச்சு, உள்ளே விட்டுட்டேன்."

மாதங்கி மெல்லக் கேட்டது: "எப்போ?"

"இப்பத்தான்."

"அப்படின்னா, நான் நேத்து உள்ளே விட்டது வேற ஒண்ணு."

அப்போது உள்ளிருட்டில் மூன்று மூலைகளிலிருந்து ராணியின் குரல் ஒன்றுபோல எழுந்தது: "உள்ளே எல்லாம் நலம். வாசலை விட்டு அசையாதீர்கள்."